ஃபயர்மேன் பக்கம்

வலது பக்கம், சன்னலோரம், எஞ்சினைப் பார்த்த முகம். மூன்றும் கிடைத்துவிட்டது. அப்புறமும் நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்று பூரணத்தம்மாளுக்கு விளங்கவில்லை. பெரியகண்மாய் ஸ்டேஷனை விட்டு வண்டி நகர்ந்தாயிற்று. அடுத்தது வல்லனேந்தல். நடுவில் ஒன்றும் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறானே கதிரேசன், பெற்ற பிள்ளை, அவனே போன மாதம் செல்போனில் படத்தை விரித்து விரித்துக் காட்டி, "இந்தா பாரு, இங்கேருந்து இது வரைக்கும் வெறுங்காடு. நீ சொல்ற ஊரே இல்லையேம்மா" என்றான். அப்பா அங்கே எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டார் என்றால் நம்புகிறான், ஊர் இருந்தது என்றால் நம்பமாட்டேன் என்கிறான். இல்லாத ஊரில் எந்த எஞ்சினுக்கடா கரி போட்டார் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வளரும், வளர்ந்தால் எங்கே போய் முட்டும் என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் போகலாம் என்றதற்கு வாந்தி வரும் என்றாள். கார் பிடிக்கிறேன் என்றதற்கு ஏசி ஒத்துக்கொள்ளாது என்றாள். பாசஞ்சரில் ஏறின பிறகும் வலது பக்கச் சன்னல்தான் வேண்டும் என்று அவனைப் பெட்டி பெட்டியாக இழுத்தடித்தாள். மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குப் போகிற கிழவிக்குச் சன்னலோரம் கேட்கிறதா என்று அவன் நினைத்திருப்பான். நினைக்கட்டும். கண்ணுக்குள் நீரழுத்தமாம், இரண்டு பக்கமும் யாரோ கதவைச் சாத்திக்கொண்டே வருகிற மாதிரி பார்வை ஒடுங்கிக்கொண்டு வருகிறது. முன்னால் ஒரு குழாய் அகலத்துக்குத்தான் உலகம். "போன பார்வை போனதுதாம்மா. மிச்சத்தக் காப்பாத்தப் பாக்கலாம், உறுதி சொல்ல முடியாது" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். நாளைக்குக் காலையில் ஆபரேஷன். கட்டு அவிழ்த்த பிறகு சன்னல் என்று ஒன்று தெரியுமோ தெரியாதோ. ஆகவே இன்றைக்குப் பார்த்தால் உண்டு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவளே எத்தனை பேரைக் கேலி செய்திருக்கிறாள், இப்போது அது திரும்பி அவள் மடியிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. இடுப்புச் சுருக்குப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சீனிப் பொட்டலம் இருந்தது. சுகர் இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள அம்மா எப்போதும் சீனி வைத்திருக்கிறாள் என்று கதிரேசனுக்குப் பெருமை. சுகர் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்னாலிருந்தே அது அந்தப் பையில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது.

ஊர் இருந்தது. பேர்தான் கொஞ்சம் கோணல். சித்திரங்குளம் என்கிற அசல் கிராமம் அங்கிருந்து நாலு மைல் தள்ளி. ரயில் போட்டவன் அவ்வளவு தூரம் போகச் சோம்பல்பட்டானோ என்னவோ, பொட்டல் காட்டில் ஸ்டேஷனைக் கட்டி, சித்திரங்குளத்துக்குப் போகிற ரோடு இங்கே இருக்கிறது என்று சொல்லிச் சித்திரங்குளம் ரோடு என்று போர்டு மாட்டினான். சனங்கள் சித்திரங்குளத்தைக் கழித்துவிட்டு ரோட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நீங்க எந்த ஊரு? நாங்க ரோடு. பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று அவள் அப்பா கேட்க, ரோடு என்று அவர்கள் சொல்ல, வீடு வாசல் இல்லாதவன் போலிருக்கிறதே என்று அப்பா முழித்தது நினைவுக்கு வந்தது. சிரிப்பு வரவேண்டிய நினைவு, வரவில்லை. ஓடைப் பாலம் இன்னும் வரவில்லை. பாலத்தின் சத்தம்தான் அடையாளம், தடதடவென்று ஒரு மூச்சு அடித்து ஓயும், ஓய்ந்தால் ரோடு ஆரம்பம். அந்த ஓடைத் தண்ணீருக்காகத்தான் ஊரே வந்தது. சுற்று வட்டாரம் முழுக்க உப்புத் தண்ணீர், எஞ்சின் வயிற்றுக்கு ஆகாது. இந்த ஓடை ஒன்றுதான் நல்ல தண்ணீர். எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றது, நின்ற எஞ்சினைத் துடைக்க ஆள் வந்தான், ஆளுக்குச் சோறு போட ஒரு கடை வந்தது, அப்புறம் ஷெட், குவார்ட்டர்ஸ், குஞ்ஞப்பன் பேக்கரி, ஞாயிற்றுக்கிழமை திரை கட்டிப் படம் போடுகிற ஹால். ட்ரைவர் ஸ்டீபன்ஸ் வீட்டில் பியானோகூட இருந்தது, வாசிக்கத்தான் யாருக்கும் தெரியாது. அந்த ஊரில் கிழக்கு மேற்கு கிடையாது. எஞ்சின் மதுரையைப் பார்த்து நின்றால் இடது கை ட்ரைவருக்கு, வலது கை கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேனுக்கு. ஊரே அப்படிப் பிரிந்திருந்தது. புதுப் பெண்ணாக வந்து குழாய் எங்கே என்று கேட்டதற்கு, ட்ரைவர் பக்கம் போய்த் திரும்பு என்றார்கள். சூரியன் எங்கே உதிக்கிறது என்று கேட்டால் கார்டு வண்டிப் பக்கம் என்று சொல்லக்கூடிய ஆட்கள். ஷெட்டுக்கு வெளியே எஞ்சின் திருப்புகிற மேடை இருந்தது, வட்டமாகப் பெரிய குழி, நடுவில் சுற்றுகிற பாலம். மதுரையிலிருந்து வந்த எஞ்சினை அதில் ஏற்றி ஆட்கள் தோள் கொடுத்துத் தள்ளினால் அது மறுபடி மதுரையைப் பார்த்து முகம் திரும்பி நிற்கும். வேலையில்லாத நேரத்தில் பிள்ளைகள் அதில் தொங்கிக்கொண்டு ராட்டினம் சுற்றும். டீசல் வந்தது. டீசலுக்குத் தாகம் எடுக்காது, திருப்பவும் வேண்டாம். ஷெட்டைப் பூட்டினார்கள், ஆளுக்கொரு பக்கம் மாற்றிப் போட்டார்கள், பூட்டின வீட்டில் முதலில் கதவு போனது, அப்புறம் ஓடு, அப்புறம் செங்கல். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. அகலப்பாதை போட்டபோது மிச்சம் நின்ற ஸ்டேஷனையும் தண்ணீர்த் தொட்டியையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். இப்போது சீமைக்கருவேல். ஊர் இருந்த இடத்தில் அது நிற்கிற நிற்பைப் பார்த்தால் ஆதியிலிருந்தே அதுதான் அங்கே குடியிருந்தது போல இருக்கும்.

பாலம் இன்னும் வரவில்லையே. தாண்டிவிட்டதோ? நினைப்பில் காது அடைத்துப் போயிருக்குமோ? ஒருதரம் அப்படி ஆகியிருக்கிறது, தூங்கிப்போய் வல்லனேந்தலில்தான் விழித்தாள், அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை. இல்லை, வெளியே இன்னும் வயல்தான் ஓடுகிறது, வயல் முடிந்துதான் ஓடை. பூரணத்தம்மாள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். அந்த ஐப்பசியில் ஓடை கரை தெரியாமல் போயிற்று. அப்படி ஒரு மழை. ராத்திரியெல்லாம் தவளைச் சத்தம். குவார்ட்டர்ஸ் பின்னாலேயே எங்கேயோ ஆயிரம் தவளைகள் கத்த, அந்தச் சத்தத்துக்குள்ளே அவள் பிள்ளையின் அழுகை சன்னமாக, வரவர இன்னும் சன்னமாக. ஆண்பிள்ளை. நாக்கில் சீனித் தண்ணீரைத் தொட்டுச் சேனை வைத்தபோது சப்புக் கொட்டினான், இன்னும் கொடு என்கிற மாதிரி உதட்டைக் குவித்தான். அந்தக் குவிந்த உதடு மட்டும் இத்தனை வருஷத்தில் கொஞ்சமும் அழியவில்லை. முகத்தின் மற்ற பாகமெல்லாம் அழிந்துவிட்டது, அதை நினைத்தால் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வரும், உதடு இருக்கிறது, மூக்கு எங்கேடி? பேர் வைக்கிற நாள் வரைக்கும்கூட இருக்கவில்லை. அவர், தெய்வநாயகம், ட்யூட்டி முடிந்து ஷெட்டிலிருந்து நேரே ஓடி வந்தார். முகம் முழுக்கக் கரி. நெற்றி, கன்னம், இமை, காது மடல், ஒரு இடம் பாக்கியில்லாமல் கரி. அதில் கண்ணிலிருந்து இரண்டு வெள்ளைக் கோடு. அவருடைய துக்கம் என்றால் பூரணத்தம்மாளுக்கு அந்தக் கரி முகம்தான். அவளுடைய பழைய சேலையில் சுற்றி அவரே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மழையில் போனார். அவளைப் போகவிடவில்லை. பொம்பளை அங்கெல்லாம் போகக்கூடாது, அதுவும் பச்சை உடம்புக்காரி. மாமியார் நிலைப்படியில் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றாள். அவர் திரும்பி வந்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஷெட்ட விட்டுக் கெளம்புனதும் என் பக்கம்தான். நரி கிளறாம முள்ளு வெட்டிப் போட்டிருக்கேன். பூவரசங் கம்பு ஒண்ணு ஊனிருக்கேன். மதுரைக்குப் போறப்பல்லாம் நான் பாத்துக்கிறேன், நீ அழாத." அவ்வளவுதான். ஆயுசுக்கும் அவ்வளவுதான். "இனி அதப் பத்தி மூச்சு விடாதீக. பேசுனா அடுத்தது தங்காது" என்று மாமியார் சொல்லிவிட்டாள். அடுத்தது தங்கவேண்டுமே என்று பேசவில்லை. அடுத்தது தங்கிற்று, இதோ பக்கத்தில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருக்கிறது. அப்புறமும் பேசவில்லை. பேசாமலே இருந்து பழகிவிட்டது.

என் பக்கம் என்றார். ஃபயர்மேன் பக்கம். மதுரைக்குப் போகையில் வலது கை. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஊரில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வேறு ஊருக்கு மாற்றலான பிறகு மதுரைக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் அவள் வலது பக்கச் சன்னலில் உட்காருவாள். பாலம் கடந்ததும் முந்தானைக்குள் பொட்டலத்தைப் பிரித்து, யார் கண்ணிலும் படாமல் ஒரு சிட்டிகை சீனியைக் காற்றில் விடுவாள். உதடு குவித்தவனுக்கு. இத்தனை காலம். ஆனால் பூவரசு? அதுதான் அவளை அரிக்கிறது. ஒரு தரம்கூடக் கண்ணில் பட்டதில்லை. பூவரசங்கம்பு உலக்கையாக ஊன்றினாலும் துளிர்க்கும் என்பார்கள், இது துளிர்க்கவில்லையா? ஆடு கடித்துவிட்டதா? முள்ளை நரி இழுத்துவிட்டதா? நரி என்கிற இடத்துக்கு வந்ததும் நினைப்பு முன்னும் போகாது பின்னும் போகாது, அங்கேயே நின்று அவளைக் குதறும். ஒருமுறை கருப்பாக ஒரு மரத்தைப் பார்த்து அதுதான் என்று முடிவு கட்டி மாதக்கணக்கில் நிம்மதியாக இருந்தாள், அடுத்த பயணத்தில் அது வேம்பாகப் போய்விட்டது. மரம் கண்ணில் படாத துக்கத்தைவிடப் பெரிய துக்கம் ஒன்று உண்டு, அதற்குத் துக்கம் என்று பேர் சொல்வதா கோபம் என்று சொல்வதா. அவர். கூடவே வருகிற மனுஷன், பாலம் வருகிற நேரம் பார்த்து எழுந்து எதிர்ப்பக்கச் சன்னலுக்குப் போய்விடுவார். கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்து, அந்தப் பக்கத்துக் காட்டைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்பார். கேட்டால், "இங்கதான் காத்து வருது" என்பார். போறப்பல்லாம் நான் பாத்துக்கிறேன் என்று சொன்ன வாய்! ஒருதரம் தாங்காமல், "இந்தப் பக்கம் வந்தாத்தான் என்ன?" என்று கேட்டுவிட்டாள். அவர் திரும்பாமலே, "நீ அங்கேயே இரு. ஒனக்கு வேண்டாம்" என்றார். கல் நெஞ்சு என்று அன்றைக்கு அவள் மனசுக்குள் எழுதிவைத்ததுதான். நல்ல புருஷன், அடித்ததில்லை, வைததில்லை, சம்பளத்தைக் கையில் கொடுத்தவர். ஆனாலும் அவர் போனபோது அவள் அழுத அழுகையில் அந்த ஒரு சன்னல் அளவுக்குக் குறைதான் இருந்தது.

"பெரியம்மா." எதிரே உட்கார்ந்திருந்த பெண். முகம் வெளிறி, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து மோந்துகொண்டிருந்தாள். "தப்பா நெனைக்காதீங்க. இப்பிடி எதிர்ப்புறமா உக்காந்து போனா எனக்குக் கொமட்டிக்கிட்டு வருது. கொஞ்சம் எடம் மாறிக்கிறீங்களா?" முடியாது என்று பூரணத்தம்மாள் சொல்லியிருப்பாள், பாலம் வருகிற நேரம், இன்றைக்கு விட்டால் கண்ணே இல்லை. "பாலம் வந்துரட்டும்மா, அப்பறம்..." என்று இழுத்தாள். "எந்தப் பாலம்? அந்தப் புள்ளைக்கு முடியல, மாறிக்கோம்மா. சன்னல் அதே சன்னல்தான்" என்று கதிரேசன் அதட்டினான். சன்னல் அதே சன்னல்தான், அதுவும் சரிதான். எழுந்து, தடுமாறி, மாறி உட்கார்ந்தாள். பொட்டலத்தை எடுத்து வலது உள்ளங்கையில் சீனியைக் கொட்டிக்கொண்டாள். அதே நேரம் தடதடவென்று அடித்து ஓய்ந்தது. பாலம். கை தன்னால் சன்னலுக்குப் போயிற்று, போன கை சன்னலில் படாமல் பக்கத்தில் இருந்த ஆளின் தோளில் இடித்தது. சன்னல் இடது கைக்கு வந்துவிட்டிருந்தது. அட, ஆமாம், திரும்பி உட்கார்ந்தாயிற்றே. மண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டது. சன்னல் நகரவில்லை, வண்டி திரும்பவில்லை, காடு அதே பக்கம்தான் ஓடுகிறது, ஆனால் வலது கை மட்டும் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டது. நான் திரும்பினால் என் பக்கமும் திரும்பிவிடுகிறது. என் பக்கம். என் பக்கம்தான் என்றார். எஞ்சின் திரும்பாமல் போனால்? எஞ்சின் எப்படித் திரும்பாமல் போகும், திருப்புகிற மேடைதான் இருக்கிறதே, பிள்ளைகள் ராட்டினம் சுற்றுகிற மேடை, வட்டமான குழி. தவளை. ராத்திரியெல்லாம் தவளை கத்தியது எங்கே? குவார்ட்டர்ஸ் பின்னால் வேறு பள்ளம் ஏது, அந்தக் குழிதான். அந்த ஐப்பசி மழையில் குழி நிரம்பிக் குளமாகிக் கிடந்தது, மேடை சுற்றவில்லை, மாதக்கணக்கில் சுற்றவில்லை. மதுரையிலிருந்து வந்த எஞ்சினை வந்தபடியே பின்புறமாக ஓட்டிக்கொண்டு போனார்கள். முன்னால் கரித் தொட்டி, பின்னால் எஞ்சின், காற்றில் கரியெல்லாம் பறந்து முகத்தில். குழாயடியில் பெண்கள் புருஷன்மார் முகத்தைப் பார்த்தே சொல்வார்களே, "இன்னிக்கும் திருப்பாமத்தான் ஓட்டிருக்காக, மூஞ்சியப் பாரு" என்று, அவளும் சொன்னவள்தானே! நெற்றி, கன்னம், இமை, காது மடல், ஒரு இடம் பாக்கியில்லாமல். அந்தக் கரி முகம். அதைத் துக்கம் என்று வைத்துக்கொண்டாளே தவிர கரி என்று ஒருநாளும் பார்க்கவில்லையே. எஞ்சின் முகம் ஊரைப் பார்த்திருக்க, முதுகுப் பக்கமாக மதுரைக்குப் போகிற எஞ்சினில் நின்றுகொண்டு அவர் சொன்ன என் பக்கம், வண்டிக்கு இடது பக்கம். ஐயோ. இடது பக்கம்.

அவள் எழுந்துவிட்டாள். "என்னம்மா, பாத்ரூமா?" என்ற கதிரேசனின் குரல் பின்னால் கேட்டது. பார்வையில் ஓரம் கிடையாது, நடைபாதையில் கிடந்த பையில் கால் தட்டி முட்டி மோதி, யாரோ "பாத்து வாங்கம்மா" என்று தாங்கிப் பிடிக்க, இடது பக்கச் சன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு மீசைக்காரர் மேல் பாதி விழுந்து, "தம்பி, தள்ளுப்பா, ஒரு நிமிசம் தள்ளுப்பா" என்று அவள் கத்தின கத்தலில் அந்த மனுஷர் அலறி எழுந்து ஒதுங்கினார். கம்பி. கம்பியில் முகத்தை வைத்தாள். கருவேல். கருவேல், கருவேல், போயிற்று, தாண்டிவிட்டது, பாலம் ஓய்ந்து எவ்வளவு நேரமாயிற்று, கடவுளே, இத்தனை வருஷச் சீனியையும் யாருமில்லாத காட்டில் எறிந்திருக்கிறேனே, பிள்ளை இந்தப் பக்கம் கிடக்க நான் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேனே, ஒவ்வொரு தடவையும், பெற்றவள் முதுகைத்தானே அவன் பார்த்திருப்பான். கம்பியில் நெற்றி முட்டியது. குளிர்ந்த கம்பி. இப்படித்தான் நெற்றியை முட்டுக்கொடுத்து நிற்பார். இந்தப் பக்கச் சன்னலில், இதே இடத்தில், அசையாமல். கருவேலுக்கு நடுவில் பச்சை ஒன்று குடை மாதிரி எழும்பி வந்தது. குழாய் அகலப் பார்வைக்குள் அது முழுசாக வந்து நின்றது, பெரிய மரம், அகல இலை, இலைக்குள்ளே மஞ்சள் பூ, வாடிச் சிவந்த பூ, கீழே நிழலில் இரண்டு ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. பூவரசு. துளிர்த்திருக்கிறது. ஊரே போன இடத்தில் அந்தக் கம்பு மட்டும் துளிர்த்திருக்கிறது. பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், மரம் பின்னால் போயிற்று, பார்வையின் ஓரத்தில் இருந்த இருட்டுக்குள் போய்விட்டது. வலது கையில் சீனி அப்படியே இருந்தது. விடவே மறந்துபோயிருந்தாள், வியர்வையில் கரைந்து கையெல்லாம் பிசுபிசுத்தது.

கதிரேசன் வந்து தோளைப் பிடித்தான். பயந்துபோயிருந்தான். "என்னம்மா ஆச்சு? சுகர் எறங்கிருச்சா? வாயில போடு, மொதல்ல அதப் போடு." அவள் கையை விரித்துப் பார்த்தாள். அப்புறம் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். அவன் அவளைப் பிடித்து உட்கார வைத்தான், மீசைக்காரர் இடம் கொடுத்தார்.

"அங்கதான சன்னலோரம் வேணும்னு அடம்புடிச்ச. இங்க என்ன இருக்கு?"

"அப்பா ரயில்ல வந்தா எங்கடா நிப்பாரு?"

"இந்தப் பக்கத்துச் சன்னல்லதான். எதுக்கு இப்பக் கேக்கற? இங்கதான் காத்து வருதும்பாரு." சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்து அவன் குரலைத் தாழ்த்தினான். "அழுவறியாம்மா?"

"காத்துக்காக இல்லடா" என்றாள் பூரணத்தம்மாள்.